பருத்த மரம் அறுக்கும் யந்திர வாளுக்கு ஏற்ற பாரும் செயினும்

மதுரை ஜில்லாவின் சமவெளிக் கிராமங்களில் வயிரம் பாய்ந்த பெருமரங்களுக்குக் குறைவில்லை. சாலையோரத்துப் புளி, கண்மாயின் உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல், தோட்டத்து வேம்பு, களத்து மேட்டு வாகை ஆகியவை காற்றில் சாய்ந்த காலத்திலும், பட்டுப்போன காலத்திலும் அறுக்கப்பட வேண்டியவையாகின்றன. முன்னாளில் இதற்குக் கோடாலியும், இருவர் எதிரெதிரே இருந்து இழுக்கும் நீண்ட வாளுமே கருவிகளாக இருந்தன. பருத்த புளியமரமொன்றைத் துண்டு போடுவதற்கு ஆட்கள் பல நாள் உழைக்க வேண்டியிருந்தது. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கஜா புயல் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்து, மேற்கே திண்டுக்கல் பக்கம் வரையில் சென்றபோது, வழிநெடுகச் சாய்ந்து கிடந்த மரங்களை அகற்றியவை பெரும்பாலும் பெட்ரோல் யந்திர வாள்களே. இன்று இவ்வாளைச் சொந்தமாக வைத்திருக்கும் குடியானவர்கள் அநேகர்.

இவர்களில் பலர் முதலில் வாங்குவது வேலிக் கருவை வெட்டவும் கிளை கழிக்கவும் போதுமான சிறிய யந்திரம். சில காலம் சென்றபின் பெரிய மரம் ஒன்று குறுக்கிடுகிறது. யந்திரத்தின் முன்னே கத்தி போல நீண்டிருக்கும் தகடு மரத்தின் பாதிக்குக்கூட எட்டவில்லை. உடனே மதுரைக்குச் சென்று, "இதைவிட நீளமான பார் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் யந்திரத்தில் பொருந்தக்கூடியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். யந்திரத்தில் பொருந்துவது வேறு, அந்த யந்திரத்தால் இழுக்க முடிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் பணமும் யந்திரமும் வீணாவதோடு, சிற்சில சமயங்களில் உயிருக்கே அபாயம் நேரிடுகிறது.

மேற்கூறிய தகட்டைப் 'பார்' என்றும், அதன் விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஓடும் பல் வைத்த சங்கிலியைச் 'செயின்' என்றும் யாவரும் வழங்குவர். அறுக்கும் பல் ஒவ்வொன்றும் ஒரு சிறிய உளி. அதன் முன்னே நிற்கும் குட்டையான முளை, உளி மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை நிர்ணயிக்கிறது. இந்தப் பல்லின் வடிவம் கிடைத்த விதம் குடியானவர்களுக்குச் சுவையாக இருக்கும். 1946-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள ஆரிகன் பிரதேசத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, வண்டின் புழு ஒன்று கெட்டியான மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு தாராளமாக முன்னேறுவதைக் கண்டார். அப்புழுவின் தாடைகளைப் பார்த்து, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் செயினை அவர் அமைத்தார். இன்று உலகெங்கும் வழங்குவது அந்த அமைப்பே. மரத்தைத் துளைக்கும் புழுவினால் மனிதனுக்கு விளைந்த நன்மை இது ஒன்றே போலும்!

இனி, பார் நீளுவதால் நேரிடுவது யாதெனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுத்தர யந்திரங்களில் பெரிதும் வழங்கும் 3/8 அங்குல வகைச் செயினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பல் வீதம் இருக்கும். 16 அங்குல பார் முழுவதும் மரத்துக்குள் புதைந்து அறுக்கும்போது, ஏறக்குறைய 11 பற்கள் ஒரே சமயத்தில் மரத்தைக் கடிக்கின்றன. 28 அங்குல பார் புதைந்தாலோ 18 அல்லது 19 பற்கள் கடிக்கின்றன. யந்திரத்தின் பலம் முன்னிருந்ததேயாகும். பதினொரு பல்லுக்குப் பங்கிடப்பட்ட பலம் இப்போது பதினெட்டுக்குப் பங்கிடப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பல்லும் முன்போல் சீவலை எடுக்கமாட்டாமல் மரத்தைத் தேய்க்கத் தொடங்கும். அறுப்பவர் வேலை ஓடவில்லையே என்று யந்திரத்தை அழுத்துவார். செயின் நின்றுவிடும். யந்திரம் சுழன்றுகொண்டேயிருக்க, அதன் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். புகையும் கருகல் நாற்றமும் எழும். இரண்டு நாள் இவ்வாறு நடந்தால் கிளட்சும் போகும், எஞ்சினும் போகும். இலவம்பஞ்சு, முருங்கை போன்ற மென்மரங்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. புளியின் வயிரத்திலும், காய்ந்த கருவேலிலும் முதல் அறுப்பிலேயே தெரிந்துவிடும். கசாப்புக் கடைக்காரர் இறைச்சி வெட்டும் கட்டைக்குப் புளியையே நாடுவதும், செக்குக்கு வாகையையும் புளியையும் நாடுவதும் இந்தக் கெட்டித்தன்மை பற்றியே என்பது யாவரும் அறிந்தது.

ஆகையால் பாரின் நீளத்தை முதலில் நிச்சயிக்க வேண்டியது யந்திரத்தின் பலமேயன்றி மரத்தின் பருமன் அன்று. வயிர மரங்களுக்கு 40 முதல் 45 சி.சி. வரையுள்ள யந்திரத்தில் 14 அல்லது 16 அங்குலமும், 50 முதல் 60 சி.சி. யந்திரத்தில் 18 அல்லது 20 அங்குலமும், 70 சி.சி. யந்திரத்தில் 24 அங்குலமும் தகுந்த அளவாகும். 30 அங்குலத்துக்கு மேற்பட்ட பாருக்கு 90 சி.சி. யந்திரம் வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விலை மலிந்த யந்திரங்கள் சில 58 சி.சி. என்னும் முத்திரையுடனும் 22 அங்குல பாருடனும் சந்தையில் வருகின்றன. சி.சி. என்பது எஞ்சின் உருளையின் கொள்ளளவே. அது பலம் ஆகாது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு யந்திரங்களின் குதிரைச்சக்தி வெகுவாக வேறுபடலாம். குதிரைச்சக்தியோ கிலோவாட்டோ எவ்வளவு என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். மேலும், யந்திரத்துடன் வரும் புஸ்தகத்தில் அதற்கேற்ற பார் நீளங்களும் அச்சிடப்பட்டிருக்கும். அதில் கண்ட உச்ச நீளம் மென்மரத்துக்குச் சரி; புளிக்கு அதிலிருந்து ஒரு படி குறைத்துக்கொள்வதே உசிதம்.

அவ்வாறாயின் பருத்த மரத்தை அறுப்பது எங்ஙனம்? மரத்தின் குறுக்களவு முழுவதற்கும் பார் எட்ட வேண்டுமென்பது அநேகருடைய தவறான எண்ணம். இரு பக்கங்களிலிருந்தும் அறுத்தால், பாரின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு குறுக்களவுள்ள மரத்தை அறுக்கலாம். நம் நாட்டில் மரத்தைச் சுற்றளவால் மதிப்பதே வழக்கமாதலால், கயிற்றால் சுற்றளவை எடுத்து மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைவான எண்ணால், அதாவது 3.14 ஆல், வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். ஆறடிச் சுற்றளவுள்ள மரத்தின் குறுக்களவு 23 அங்குலம். ஒன்பதடிக்கு 34½ அங்குலம். பன்னிரண்டடிக்கு 46 அங்குலம். ஆகவே 20 அங்குல பாரும் 60 சி.சி. யந்திரமும் உடையவர் ஒன்பதடிச் சுற்றளவுள்ள புளியந்துண்டை இரு பக்கமாக அறுத்து முடித்துவிடலாம். 16 அங்குல பார் உடையவருக்கு அது எட்டாது. எனினும் கடப்பாரை கொண்டு துண்டைப் புரட்டி, மூன்று பக்கமாக அறுப்பது சாத்தியமே.

இரு பக்க அறுப்பில் வெட்டுகள் ஒன்றோடொன்று சந்திக்காமல் படிபோல் நின்றுவிடுவதுண்டு. அதைத் தவிர்க்க, மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றை இறுகக் கட்டி, அதை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரு முனைகளும் மேட்டில் தங்கி நடுப்பாகம் அந்தரத்தில் நிற்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால், வெட்டு மூடிக்கொண்டு பாரை இறுகப் பிடித்துவிடும். வெட்டுச் சிறிது ஆழ்ந்ததும் அதில் மர ஆப்பையோ பிளாஸ்டிக் ஆப்பையோ அடித்துக்கொண்டு தொடர வேண்டும். இரும்பு ஆப்பு கூடாது. செயின் அதில் பட்டால் பற்கள் யாவும் போய்விடும். நிற்கும் மரத்தைச் சாய்ப்பது இதனினும் கடினமான வேலை. பழைய புளியமரங்களில் அடிப்பாகம் பெரும்பாலும் பொந்தாகவே இருக்கும். பொந்துள்ள மரம் எண்ணிய திசையில் விழும் என்று சொல்வதற்கில்லை. பாரின் நீளத்துக்கு மிஞ்சிய பருமனுள்ள நின்ற மரத்தைப் பழக்கமில்லாதவர் தொடவே கூடாது.

நீண்ட பாரினால் அனுகூலமே இல்லை என்பதன்று. தரையில் கிடக்கும் கிளைகளைக் குனியாமல் கழிக்கலாம். முட்புதருக்கு அப்பால் நின்றுகொண்டே அடிக்கட்டையை எட்டலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, மரத்தை நெடுக்குவாட்டில் பலகையாக அறுப்போருக்கு நீண்ட பார் இன்றியமையாதது. புளி, மா, வாகை மரங்களின் அகலப் பலகைகளை மேஜைக்கும் ஊஞ்சலுக்கும் வாங்குவோர் உண்டாதலால், விறகு விலைக்குப் போகும் மரம் பலகையாகும்போது நல்ல விலை பெறும். பலகை அறுப்பில் இரு பக்கத்திலிருந்து அறுக்க இயலாது. அன்றியும், பாரைத் தாங்கும் சட்டத்தைப் பொருத்துவதால் அதன் நீளத்தில் சில அங்குலம் குறைந்துவிடும். இதற்குக் குறைந்தது 70 சி.சி. யந்திரமும், அதற்கென்றே தீட்டிய செயினும் வேண்டும். குறுக்கறுப்புச் செயினின் பற்கள் சுமார் 30 டிகிரிச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்கறுப்புக்கு அச்சாய்வு 10 டிகிரி அளவில் இருத்தல் நலம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெருமரம் மட்டுமே அறுக்கும் குடியானவர் இதற்கென யந்திரம் வாங்குவதைவிட, பெரிய யந்திரம் வைத்து வேலை செய்பவரை ஒரு நாள் கூலிக்கு அமர்த்துவதே லாபகரமானது.

யந்திரம் தாங்குமென்று கண்டு நீண்ட பார் வாங்குபவர், அதற்குரிய செயினை மூன்று அளவுகளைக் கொண்டு தேர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் செயின் ஓடாது. முதலாவது பிட்ச். அடுத்தடுத்துள்ள மூன்று ஆணிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது அது. 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம் என்பன பெருவழக்கு. செயினின் பிட்சும், யந்திரத்திலுள்ள பற்சக்கரத்தின் பிட்சும், பாரின் நுனியிலுள்ள சிறு சக்கரத்தின் பிட்சும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். 3/8 அங்குலத்திலேயே சிறு யந்திரங்களுக்கென்று தாழ்ந்த பல்லுள்ள வகை ஒன்று உண்டு. பெயர் ஒன்றாயினும் அது பெரிய யந்திரத்துக்கு உதவாது. இரண்டாவது கேஜ். பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் அடிக்கண்ணியின் தடிமன் இது. 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று வரும். மெல்லிய கண்ணியை அகன்ற பள்ளத்தில் ஓட்டினால் செயின் ஆடி, வெட்டுக் கோணிப்போகும். மூன்றாவது அடிக்கண்ணிகளின் எண்ணிக்கை. 3/8 அங்குலச் செயினில் 20 அங்குல பாருக்குப் பெரும்பாலும் 72 கண்ணிகள் வேண்டும். ஆயினும் ஒரே நீளமென்று சொல்லப்படும் பார்களில் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு கண்ணி வித்தியாசப்படும். ஆதலால் கடைக்குச் செல்பவர் பழைய செயினையும் பாரையும் கையோடு கொண்டுபோய், கண்ணிகளை எண்ணிக் காட்டி வாங்குவது நல்லது. இவ்வளவுகள் பாரின் அடிப்பாகத்திலேயே முத்திரையிடப்பட்டிருப்பதுமுண்டு.

பற்களின் நெருக்கமும் கவனிக்கத்தக்கது. முன்னே கண்ட கணக்கில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பல் என்பது முழு நெருக்கமுள்ள செயின். பற்களை விட்டு விட்டு அமைத்து, இரண்டேகால் அங்குலத்துக்கு ஒரு பல் வீதம் உள்ள செயினும் விற்கப்படுகிறது. இதை 'ஸ்கிப்' செயின் என்பர். 28 அங்குல பாரில் இதைப் பூட்டினால் மரத்தைக் கடிக்கும் பற்கள் பன்னிரண்டே. 18 அங்குல பாரில் முழு நெருக்கச் செயின் கொடுக்கும் பாரமே இதிலும் விழும். பற்களிடையே இடம் விசாலமாக இருப்பதால், நீண்ட வெட்டில் சேரும் சீவல் அடைபடாமல் வெளியேறும். தீட்ட வேண்டிய பற்களும் குறைவு. வெட்டுச் சற்று முரடாக இருக்கும். செயினும் அதிகம் அதிரும். 70 சி.சி. யந்திரத்தில் 24 அங்குலத்துக்கு மேல் போக விரும்புபவருக்கு இதுவே தகுந்தது. 20 அங்குலத்துக்கு உட்பட்ட பாரில் இதனால் பிரயோஜனம் இல்லை.

பல்லின் மூலை கூராக இருப்பதும் உண்டு, உருண்டிருப்பதும் உண்டு. கூர்மூலைப் பல் சுத்தமான பச்சை மரத்தில் விரைந்து அறுக்கும். ஆனால் நமது மரங்கள் சுத்தமானவை அல்ல. சாலையோரப் புளியின் பட்டையில் பல வருஷத்துப் புழுதி ஏறியிருக்கும். கண்மாய்க் கருவேலின் அடியில் வண்டல் அப்பியிருக்கும். மணல் பட்டதும் கூர்மூலை மழுங்கிவிடும். உருண்ட மூலைப் பல் சிறிது மெதுவாக அறுத்தாலும், கூர் நெடுநேரம் நிற்கும். ஆகவே இப்பக்கத்து வேலைக்கு அதுவே சிலாக்கியமானது. எந்தப் பல்லாயினும் ஆணிக்கு முன் நிற்காது. விளம்பரத் தகடு அறைந்த ஆணிகள், வேலிக் கம்பி, மாடு கட்டிய இரும்பு வளையம் முதலியவற்றை மரம் தன்னுள்ளே மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும். ஊரை ஒட்டிய மரமாயின் தரையிலிருந்து ஆளுயரம் வரையில் பட்டையைச் செதுக்கிப் பார்த்துவிட்டு அறுப்பது புத்திசாலித்தனம். செதுக்கிய மரத்தில் கறுநீலக் கறை தென்பட்டால் இரும்பு அருகில் இருக்கிறதென்று சந்தேகிக்கலாம்.

பார் நீண்டால் அதற்கு வேண்டிய எண்ணெயும் கூடும். எண்ணெய் பாரின் அடியில் விழுந்து, செயினோடு நுனி வரை சென்று திரும்ப வேண்டும். சிறிய யந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு 16 அங்குலத்துக்குப் போதுமான அளவே கொடுக்கும். 24 அங்குல பாரின் நுனி வறண்டு, நீலம் பாரித்து, பள்ளத்தின் விளிம்புகள் விரிந்துவிடும். பாரின் எண்ணெய்த் துளை யந்திரத்தின் துளைக்கு நேராக அமைந்திருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். பரீட்சை எளிது: செயினை வேகமாக ஓட்டி, பாரின் நுனியை ஒரு வெளுத்த பலகைக்கு நேரே சிறிது தூரத்தில் பிடித்தால், பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அதிலுள்ள இரும்புத் தூள் பாரையும் பம்பையும் அரித்துவிடும். அதில் மிச்சப்படும் பணம் ஒரு பாரின் விலைக்கு ஈடாகாது.

அபாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டுவது அதிகம். பார் நுனியின் மேற்கால் பாகம் எதன்மீதாவது பட்டால், யந்திரம் கண்ணிமைக்கு முன் மேலும் பின்னுமாக எகிறி, அறுப்பவரின் முகத்துக்கோ கழுத்துக்கோ வந்துவிடும். குட்டையான பாரின் நுனி கண்ணுக்குத் தெரியும். நீண்ட பாரின் நுனியோ மரத்துக்கு அப்புறம் வெளிப்பட்டு, பார்வைக்கு மறைந்த வேறொரு கிளையிலோ கல்லிலோ முட்டுகிறது. பெரிய பார் பூட்டியபின் நேரும் விபத்துக்களுக்கு இது ஒரு முக்கிய காரணம். அறுப்புக்கு முன் மரத்தின் மறுபுறம் சென்று பார்த்து, அங்குள்ளவற்றை அகற்றிவிட வேண்டும். முன்கைக்கு எதிரேயுள்ள பிரேக் சரியாக விழுகிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். பிரேக் இல்லாத யந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், ஒரு கையால் பிடித்து அறுப்பதும் கூடா. வெயிலுக்கு அஞ்சி, மடித்துக் கட்டிய வேட்டியுடனும் வெறுங்காலுடனும் இவ்வேலை செய்வோர் இப்பக்கத்தில் அநேகர். வேட்டியின் நுனி செயினில் சிக்கினால் தொடையும் கூடவே செல்லும். கனத்த கால்சட்டை, தோல் பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு இவை இன்றித் தொடங்குதல் தகாது. வெயில் பொறுக்கவில்லையெனில் விடியற்காலையில் தொடங்கி, பத்து மணிக்கு நிறுத்திவிடலாம்.

சாலையோர மரங்களும் கண்மாய் மரங்களும் குடியானவருக்குச் சொந்தமானவை அல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். காற்றில் விழுந்து கிடப்பதாயினும், நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறை, ஊராட்சி ஆகியவற்றில் எதற்குரியதோ அதன் எழுத்துமூலமான அனுமதி பெற்ற பிறகே கை வைக்கலாம். சொந்த நிலத்தில் நின்றாலும் சந்தனம் முதலியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

புதிய செயினை வாங்கிய அன்றே பெருமரத்தில் வைத்துவிடக் கூடாது. ஓர் இரவு எண்ணெயில் ஊற வைத்து, மறுநாள் பூட்டி, சில நிமிஷம் மிதமான வேகத்தில் வெறுமனே ஓட்டி, பின்பு சிறு கிளைகளை அறுத்து, தொய்வை மறுபடியும் சரி செய்துகொள்ள வேண்டும். தேய்ந்த பற்சக்கரத்தின்மேல் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் விரைவில் தேயும். இரண்டு செயின் தேய்ந்தவுடன் சக்கரத்தையும் மாற்றுவது முறை. தீட்டுவதற்கு 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் வட்ட அரமும், 0.325 அங்குலத்துக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். புளி அறுக்கும்போது பெட்ரோல் தொட்டி நிரப்பும் போதெல்லாம் இரண்டு இழுப்பு அரம் காட்டிவிடுவது வழக்கமாக வேண்டும். சீவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூள் விழத் தொடங்கினால் செயின் மழுங்கிவிட்டதென்று அறியலாம். பல்லின் முன்னுள்ள முளை, பல்லின் முனையிலிருந்து 0.025 அங்குலம், அதாவது 0.65 மில்லிமீட்டர் அளவே தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக அறுக்குமென்று எண்ணி அதை மேலும் ராவிவிட்டால் வயிர மரத்தில் யந்திரம் உதறும். செயின் மாற்றும் தோறும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் இரு விளிம்புகளும் சமமாகத் தேயும். வேலை முடிந்ததும் செயினைச் சிறிது தளர்த்தி வைக்க வேண்டும். சூட்டில் நீண்டிருந்த செயின் இரவில் ஆறிச் சுருங்கும்போது, இறுக்கியபடியே விட்டிருந்தால் எஞ்சினின் தண்டையும் பேரிங்கையும் வலித்துக் கெடுத்துவிடும்.